ஏழாவது கட்டம்

படிவம் ஆங்கிலத்தில்தான்.
என் பேனா அதைத் தமிழில் படிக்கிறது.
வளர்ச்சி: உண்டு / இல்லை.
பொருந்தாததை அடிக்கவும்.

ஒன்பது வருடமாக அடிக்கிறேன்.
வர்த்தூர், குஞ்சூர், பாணத்தூர்,
ஏரி செத்த பக்கமெல்லாம் எழும்பிய அடுக்குமாடிகள்,
ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு துளை.
ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ்பெட்டி,
பெட்டிக்குள் ஆறு பாட்டில்.

மார்ச்சில், குஞ்சூரில், ஆயிரத்து நானூற்றுப் பத்து அடி.
ரிக் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது.
புருவம்வரை கருங்கல் மாவு பூசிய அர்த்தநாரி
குழாயைத் தட்டிச் சொன்னார்:
இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லைங்க, வெறுங்கல்லு.
வாட்ச்மேன் சன்னவீரப்பா தலையாட்டினார்:
ஏனூ இல்லா.
அந்த ஒரு சொல்லுக்கு
இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

கசிந்ததில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன்.
வெயிலையே பார்த்திராத தண்ணீர்.
கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

கூடத்தில் தட்டுகளை ஊற்றுவேன்.
கடற்பாசிக் கூழ், இறைச்சிச் சாறு, உப்பு.
முப்பத்தைந்து டிகிரி, நாற்பத்தெட்டு மணி நேரம்.
நமக்குத் தெரிந்த ருசியில், நமக்குத் தெரிந்த சூட்டில் ஒரு பந்தி.
(பரிமாறுகிறவள் சைவம். அது வேறு கதை.)
வந்து உட்கார்ந்தவர்களை எண்ணுவேன்.
நூற்றுக்கு ஒருவர் வந்தாலே அதிகம்;
படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
மற்றவர்கள் அதே சொட்டில்
வேறேதோ பசியோடு இருக்கிறார்கள்.
உண்டவர்க்கு உண்டு.
இலை போட்டும் வராதவர்க்கு இல்லை போட்டேன்.
ஓர் ஒற்று
எத்தனை பேரைத் துடைத்துவிடுகிறது.

உகாதி விடுமுறை முடிந்து
அலமாரியைத் துடைக்கும்போது
பின்வரிசையில் ஒரு தட்டு, லேபிள் பாதி உரிந்து.
குஞ்சூர். இருபத்திரண்டு நாள்.
சூட்டுப்பெட்டியில் வைக்க மறந்தது.
இருட்டில், யாரும் காத்திராத நேரத்தில்,
ஒரு புள்ளி.

குண்டூசித் தலையில் பாதி.
பழுப்பா வெளுப்பா, சொல்ல வரவில்லை.
சாயம் ஏற்றினேன். அதற்குப் பிடிக்கவில்லை.
லென்ஸை மாற்றினேன். கெசியாவைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு அவள்
அழுக்கா இருக்கும் என்றாள்,
அப்புறம் மறுபடி குனிந்தாள்.

அந்தத் தண்ணீரின் அறிக்கை போய்
மூன்று வாரம் ஆகப்போகிறது.
ஏழாவது கட்டத்தில் என் சுருக்கெழுத்து. மேலே முத்திரை.

இரவு மாரத்தஹள்ளிப் பாலத்தடியில்
ஐம்பது நிமிடம் நின்றேன்.
வியாழனின் நிலவொன்றில் பனிக்கு அடியில் கடலாம்,
அதைப் பார்க்க ஒரு கலம் போய்க்கொண்டிருக்கிறதாம்.
என்ன எடுத்துப் போகிறது?
நம் ருசி, நம் சூடு, நம் அவசரம்.
மேலே ஆரஞ்சு மூட்டத்தில் நட்சத்திரம் ஏது,
மினுக்காத ஒரு புள்ளி மட்டும்.
குண்டூசித் தலையில் பாதி.

நம் பக்கமும் யாராவது
இலை விரித்திருப்பார்களோ?
அவர்கள் கணக்கில் நாற்பத்தெட்டு மணி நேரம்;
இங்கே அது தொம்மலூர்க் கோயில் சுவரில்
தமிழ் வெட்டிக்கொண்டிருந்த காலமாக இருக்கலாம்.
உளிச்சத்தம் அவர்களுக்குக் காது இருக்கும் பக்கம் விழவில்லை.
நாம் சாப்பிட வரவில்லை.
கட்டத்தை அடித்து, கை கழுவி,
விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பின்னால் ஹாரன். பச்சை விழுந்துவிட்டது.

காலையில், விதிப்படி,
பழைய தட்டுகளை அடுக்கி ஆட்டோகிளேவில் ஏற்றினேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, கால் மணி நேரம்.
பதினேழு தட்டு. பதினெட்டு இருக்க வேண்டும்.
பதிவேட்டில் பதினேழு என்றே எழுதினேன்.

அலமாரியின் பின்வரிசையில்,
புது டேப்பில், பென்சிலால்:
அகற்ற வேண்டாம்.
இது எதைச் சாப்பிடும் என்று
இன்னும் தெரியவில்லை.